தொட்டிப் பனையில் புதுக்கன்று

தையல்காரம்மாவின் கணவர் எட்டு மாதம் நோயில் படுத்திருந்த அறையின் திரையை மகள் சரேலென்று விலக்குகிறாள். வெளிச்சம் பட்டாலே அவருக்குக் கண் கூசும் என்று தையல்காரம்மா மூடி வைத்த திரை அது. வெறுங்கட்டிலின் மேல் காலை வெயில் வந்து விழுகிறது. கட்டிலருகே, இத்தனை நாள் அரையிருட்டிலேயே கொத்தாகத் தழைத்த தொட்டிப் பனையின் ஓலைகளில் தூசி மினுங்குகிறது. தையல்காரம்மா தரையில் உட்கார்ந்து, விசிறி போல் விரிந்த ஓலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "திரையைப் போடும்மா. இதுக்கு வெயில் ஆகாது, கருகிடும்." "செடியை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்மா. இந்த ரூம் கொஞ்சம் காத்தாடட்டும். அப்பா போய்ப் பதினெட்டு நாளாச்சு." தண்டுகளை விலக்கி அடிப்பக்கத்தைத் துடைக்கப் போன தையல்காரம்மாவின் கை சட்டென்று நிற்கிறது. நெருங்கி நிற்கும் தண்டுகளுக்கு நடுவே, மண்ணைப் பிளந்துகொண்டு, சுண்டுவிரல் நகமளவு கன்று ஒன்று எட்டிப் பார்க்கிறது. அவள் முகம் மலர்கிறது. "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!" என்று கட்டில் பக்கம் திரும்புகிறாள். திரும்பிய முகம் அப்படியே நிற்கிறது. மகள் மெல்ல வந்து அம்மாவை ஒட்டித் தரையில் உட்காருகிறாள். "எங்கேம்மா? காட்டு" என்கிறாள்.