ஒரே ஒரு அடாப்டர்

கடல் கடந்து ஒரு பொருட்காட்சிக்கு வந்திருந்தது நம்மூர் வெட் கிரைண்டர். கப்பல் செலவு, ஸ்டால் வாடகை, தலைக்கு மேல் பெரிய பேனர் எல்லாமே அரசாங்க ஏற்றுமதி அலுவலகத்தின் உபயம். அந்த ஊர்ச் சுவரில் நம் பிளக் நுழையாது என்று ஒரு அடாப்டரும் மறக்காமல் வாங்கியிருந்தார்கள்.

அந்த அடாப்டரில் இப்போது அதிகாரியின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார்.

பக்கத்து ஸ்டாலில் வேறு நாட்டு கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு, மொத்தமாக வாங்க வந்த ஒரு அம்மா இந்தப் பக்கம் திரும்பினார்.

"அவங்க வர்றாங்க. அரிசி ஊறித் தயாரா இருக்கு. கொஞ்சம் இறங்கு தம்பி," என்றது கிரைண்டர்.

"திறப்பு விழா போட்டோவெல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் போயிட்டிருக்கு. பாதியில விட்டா ஐயாவுக்குக் கோபம் வரும்," என்றது செல்போன்.

"நான் உனக்காகத்தான் வந்தேன்," என்று கிரைண்டரிடம் முனகியது அடாப்டர். "ஆனா மாட்டிவிட ஒரு கை வேணுமே."

அந்த அம்மா சுவிட்சைப் போட்டார். கல் அசையவில்லை. மறுபடி போட்டார். கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து ஸ்டாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரி வந்தார். சார்ஜ் நிறைந்த போனை உருவி, பேனர் முழுதும் தெரியும்படி கிரைண்டர் முன் நீட்டினார்.

"ஆடாம நில்லு அண்ணே," என்றது செல்போன். "பக்கத்து ஸ்டால்ல அந்த அம்மா ஆர்டர்ல கையெழுத்துப் போடறதும் ஓரமா விழுது. தலைமை அலுவலகத்துல ரொம்ப சந்தோஷப்படுவாங்க."