ஒரு வாய்க்கு ஐம்பது மெல்லு

“நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது, அம்பது. இப்ப முழுங்குங்க” என்றாள் பாப்பாத்தி.

அரியமுத்து முழுங்கினார். பெரம்பலூர் இயற்கை உணவு வைத்தியரின் உத்தரவு அது: வரகுச் சோறு, உப்பில்லாத கீரை, ஒரு வாய்க்கு ஐம்பது மெல்லு. சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊசி என்ற பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

“கதியத்துப்போயி எங்கப்பன் தின்ன வரகுடி இது. அவன் என்ன நூறு வயசா இருந்தான்?”

“அவரு மெல்லாம முழுங்கியிருப்பாரு. வாயத் தொறங்க.”

சோறு மருந்தாகும் என்பதை அரியமுத்து நம்பவில்லை. அந்த வைத்தியனையும் நம்பவில்லை. உளுந்து வடையையும் சீனி தூக்கலான டீயையும் நம்பினார். சாப்பிட்ட கையோடு, “கொல்லையில வெள்ளாமைய ஒரு பார்வ பாத்துட்டு வரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதிலும் சனியன் புகுந்தது. தெருமுனை டீக்கடைக்காரன் எப்போது போனாலும் ‘பால் தீந்துபோச்சு’ என்றான். போடா என்று சிமெண்டு ஆலை வாசல் கடைக்கு நடந்தார். பதினைந்தே நாளில் அங்கேயும் அவர் தலையைக் கண்டால் வடைத் தட்டு உள்ளே போயிற்று. கடைசியில் மூன்று மைல் தள்ளி, விலக்கு ரோட்டு இலியாஸ் பாய் கடைதான் கை கொடுத்தது. வேர்த்து விறுவிறுத்துப் போய், இரண்டு வடையை நாலே மெல்லில் உள்ளே தள்ளினால்தான் உயிர் வரும்.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. “ஊசி வேணாம். இப்ப செய்யறதையே விடாம செய்யுங்க” என்றார் டாக்டர்.

“பாத்தீங்களா வரகோட மகிமைய!” என்று பாப்பாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரியமுத்து மீசைக்குள் சிரித்தார். இவளை ஏமாற்றுவது இவ்வளவு லேசா?

மறுநாள் இலியாஸ் பாய் கடையில் வடையை வாயில் போட்டார். மினி பஸ் வந்து நின்றது. இறங்கியது பாப்பாத்தி! ஓடிப்போய்க் கடைக்குப் பின்னாலிருந்த விறகு அடுக்குக்குள் பதுங்கினார். வாயில் வடை, மெல்லவும் பயம், முழுங்கவும் பயம்.

“பாய், எங்க வூட்டுக்காரரு இங்கதான வராரு?”

இலியாஸ் பாய் விறகுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “வருவாரும்மா. வரகுச் சோத்துலயே சர்க்கரை எறங்கிருச்சாமே? அந்த வைத்தியரு கைராசிக்காரருதான்.”

“வரகு எங்க பாய் எறக்குச்சு? நடைதான எறக்குச்சு! நடங்கன்னா காலு வலிக்குதும்பாரு. அதான் ஒவ்வொரு கடையா சொல்லிட்டு வரேன். நாளையிலேருந்து நீங்களும் வடை இல்லன்னுடுங்க. இன்னும் ரெண்டு மைலு நடக்கட்டும்!”