பெயர் மாறிய துடைப்பம்

அக்கா கம்ப்யூட்டரைப் பூட்டாமல் சாப்பிடப் போய்விட்டார்!

முந்திரி தன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். எதற்கும் முந்திக்கொண்டு தலையை நீட்டுகிறவன் என்பதால் ஆபீஸில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கூப்பிட வசதியாக முந்திரி. அக்கா அங்கே ரொம்ப சீனியர். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அக்காதான்.

வழக்கமாக கேன்டீனுக்கு முதல் ஆளாக ஓடுகிறவன் முந்திரி. அன்று காலை வீட்டில் சண்டை, கோபத்தில் சாப்பிடவும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சகலைக்கு வேலை செய்கிற இடத்தில் தனி அறை கொடுத்துவிட்டார்களாம். “எங்க அத்தான் ரூமுக்குக் கதவெல்லாம் இருக்காம்” என்று மனைவி குத்திக்கொண்டே இருந்தாள். இங்கேயும் ஒரு கண்ணாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. எதையாவது சாதித்துக் காட்டினால் அல்லவா மேனேஜர் தருவார்?

அக்காவின் திரையில் திறந்தபடி கிடந்தது ‘துடைப்பம்’. வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களில் சேரும் வேண்டாத ஃபைல்களைப் பெருக்கித் தள்ளுகிற ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம். கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அதை எழுதியதால்தான் அக்காவுக்கு இத்தனை மவுசு என்பது முந்திரியின் எண்ணம். எந்நேரமும் யாராவது போனில் அவரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். கொடுத்துவைத்த மனுஷி என்று வயிறெரிவான்.

சுற்றும் முற்றும் பார்த்தான். ஈ காக்கை இல்லை. துடைப்பத்தை பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்கு வந்துவிட்டான்.

முதல் வேலை, தடயத்தை அழிப்பது. மேலே இருந்த அக்காவின் பெயரை எடுத்தான். கெட்டிக்காரி ஆயிற்றே, எங்காவது பொடி வைத்திருப்பார் என்று வரிவரியாகத் தேடினான். நினைத்தது சரி. வேலை முடிந்ததும் அக்காவின் பெயரைத் திரையில் காட்டும் வரி ஒன்று நடுவில் பதுங்கியிருந்தது. யாரிடம் காட்டுகிறாய் உன் வேலையை என்று அதையும் தூக்கினான்.

அடுத்தது ஸ்கிரிப்டின் பெயர். துடைப்பமாம், துடைப்பம்! பின்னால் ஒரு புள்ளி, அதையடுத்து எந்த வகை ஃபைல் என்று சொல்லும் இரண்டெழுத்து வால் வேறு. விவரம் தெரிந்தவர்கள் கட்டளைக்கு வால் வைக்க மாட்டார்கள். இத்தனை வருஷமாக இதை மாற்றாமல் விட்டிருக்கிறாரே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாலை நறுக்கி, ‘சூறாவளி’ என்று பெயர் வைத்தான்.

எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி பேக்கேஜாகக் கட்டும்போது ஒரு கட்டம் வழிமறித்தது. பொறுப்பாளர் யார், போன் நம்பர் என்ன? காலியாக விட்டால் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. தன் பெயரையும் சொந்த நம்பரையும் அடித்துவிட்டான்.

சாயங்காலம் மேனேஜர் அறையில் சூறாவளியை ஓட்டிக் காட்டினான். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“நம்ம துடைப்பம் மாதிரியே இருக்கே. நீயா எழுதினே?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ராப்பகலா உக்காந்து எழுதினது!”

“இரு, அக்காவையே கேட்டுடுவோம்.”

அக்கா வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பொறுப்பாளர் கட்டத்தில் அவர் கண் நின்றது. அதை மறுபடியும் படித்தார். போச்சு, வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று முந்திரி கண்ணை மூடிக்கொண்டான்.

“என் துடைப்பம் எங்க, இது எங்க! வரிக்கு வரி தம்பியோட கைவண்ணம் சார். இனிமே எல்லாருக்கும் இதையே அனுப்பிடுங்க.”

இவ்வளவு வெள்ளந்தியா என்று முந்திரிக்கு அக்கா மேல் பரிதாபமே வந்துவிட்டது.

“பேர் யாரோடதோ, பொறுப்பும் அவங்களோடது. சரிதானே?” என்றார் மேனேஜர்.

“என் பாக்கியம் சார்!”

மறுநாள் காலை சூறாவளி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போனது. துடைப்பம் விடைபெற்றது. மேனேஜர் கொடுத்த கண்ணாடி அறையின் நாற்காலியில் முந்திரி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது.

“யோவ், துடைப்பம்னு அடிச்சா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது! யாரைக் கேட்டுப் பேரை மாத்தினே?”

சமாளித்து வைத்தான். மறுபடி அடித்தது. இன்னொருவருக்கும் அதே துடைப்பம்தான் வேண்டும். அடுத்தவர், தன் பிரிண்டர் கெட்டுப்போனதற்கும் சூறாவளிதான் காரணம் என்று சாதித்தார். மத்தியானம் ஆகியும் முந்திரியின் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

சாப்பிட்டு முடித்த அக்கா, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார்.

“அக்கா, இது எப்பவும் இப்படித்தானா?” என்றான் அழாத குறையாக.

“ராத்திரிக்கு இன்னும் ஜாஸ்தி. லீவு நாள்னும் பாக்க மாட்டாங்க. வேற ஆளைப் போடுங்கன்னு சாரைக் கெஞ்சிப் பாத்துட்டேன், ஒருத்தரும் கிட்ட வரல.”

அவன் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. அக்கா தன்னுடைய போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அதான் ஒரு மாசமா தினமும் கம்ப்யூட்டரைப் பூட்டாமலே சாப்பிடப் போனேன், நேத்துதான் தம்பி, திருட ஒரு ஆள் கிடைச்சுது!”