பின்பக்க ஷாக் அப்சார்பர்

லூர்துநாதனுக்கும் அவருடைய பழைய ஸ்டேஷன் வேகனுக்கும் வயதில்தான் வித்தியாசம். இரண்டுக்குமே ஸ்பேர் கிடைக்காது. கடலூர் முதுநகரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டு, சிதம்பரத்தில் நடனசபாபதியின் பழைய சாமான் கடைக்கு வந்து நின்றார்.

"பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி. நாலு மணிக்குள்ள மாட்டியாவணும்."

"அந்த வண்டியே இப்ப வர்றதில்லண்ணே. என்ன அவசரம்?"

"சம்சாரத்தக் கோயிலுக்கு ஏத்திட்டுப் போவணும். அவளுக்கு இடுப்பு வலி. வண்டி பள்ளத்துல எறங்குனா உசுரு போவுதும்பா."

"வேற வண்டி வெச்சிக்கலாமே?"

"இருவது வருசமா ஊரையே ஏத்துனவன், அவள மட்டும் வேற வண்டியில அனுப்புவனா?"

"இத்தினி வருசமா குலுக்கலப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும் அப்படியே விட்டுட்டேன்."

குடோன் முழுக்கத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வந்த நடனசபாபதி, அளவாவது பார்க்கலாமென்று வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே சீட் இல்லை. சவப்பெட்டி வைக்கும் பலகையும், யாருக்கோ போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களும் கிடந்தன.

"நேத்து போயிட்டா" என்றார் லூர்துநாதன், கதவை மெல்லச் சாத்தியபடி. "இனிமே அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. நான்தான் பாத்து ஓட்டணும்."