வலதுபக்க அடுப்பு

தோழிகள் இருவரும் சேர்ந்து எடுத்த வீட்டில் கரண்ட் அடுப்பின் இடதுபக்கம் வைதேகியின் சைவத்துக்கு, வலதுபக்கம் செல்வமேரியின் மீனுக்கு. வலதுபக்கம் திடீரென்று சூடாகவில்லை. "கம்பி போயிடுச்சுடி," என்றாள் வைதேகி.

அவள் வெளியே போனதும், செல்வமேரி தன் சுருள்கம்பியைக் கழற்றி, இதுவரை கைவைக்காத இடதுபக்கத்தில் மாட்டிப் பார்த்தாள். செக்கச்செவேலென்று பழுத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்பின் மேல்தகட்டைத் தூக்கினாள். வலதுபக்க ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, பதவிசாக மடித்து வைத்திருந்தது. வைதேகியின் சார்ஜரில் சுற்றியிருக்கும் அதே பச்சை டேப்.

"கருவாட்டு வாசம் என்னை ஒண்ணும் பண்ணாதுடி" என்று வீடு எடுத்த அன்று இவள் கையைப் பிடித்துச் சொன்னவள்.

சாயங்காலம் வைதேகியே அவள் தட்டில் சாம்பார் ஊற்றினாள். "பாவம்டி, கருவாடு இல்லாம உனக்குச் சோறே இறங்காதே."