காது இல்லாத ஊசி

"வலி தோள்லன்னு சொல்றேன், நீங்க கால்ல குத்துறீங்களே தம்பி? சட்டைக்கு அளவெடுக்கச் சொன்னா நான் பேண்ட்டுக்கா அளவெடுப்பேன்?"

அக்குபங்சர் டாக்டர் சிரித்துவிட்டார். "தோளுக்கான புள்ளி கால்லயும் இருக்குங்க ஐயா. அவ்வளவுதான், முடிஞ்சுது. கொஞ்ச நேரம் அசையாம படுத்திருங்க, வந்து எடுத்துடுறேன்."

அவர் அடுத்த அறைக்குப் போனதும் தையல்காரர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மெல்லிய ஊசிகள் நின்றுகொண்டிருந்தன. குத்தினதே தெரியவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். சுருக்கென்று வலித்திருந்தால், அதையே சாக்காக வைத்து இந்தச் சம்பந்தத்தைத் தட்டிக்கழித்திருக்கலாம்.

அவருக்குத் தோள்வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தலைவலிக்கு வைத்தியம் பார்க்க இங்கே வந்துபோன மகள், கூடவே மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டுவிட்டாள். "நல்லவர்ப்பா, ஒரு தடவை பேசிப் பாருங்க" என்று அவள் போட்டோவை நீட்டியபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி குத்துகிறவனுக்கெல்லாம் பெண் கொடுக்க முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அன்றிலிருந்து வீட்டில் அப்பாவும் மகளும் சரியாக முகம்கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆளை நேரிலேயே எடைபோட்டு, ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவது என்றுதான் நோயாளி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அடுத்த கட்டிலில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். முகம் வைப்பதற்கென்றே கட்டிலில் விட்டிருந்த ஓட்டைக்குள் முகம் புதைந்திருந்தது. பிடரி முழுக்க ஊசி.

சும்மா கிடக்கிற ஜாதி இல்லை தையல்காரர். "உங்களுக்கு என்ன தம்பி?"

"கழுத்து பிடிச்சுக்கிச்சுங்க." குரல் தரையிலிருந்து வந்தது. "ஒரே கவலை. தூக்கமே இல்லை."

"இந்தக் கை எப்படி, நம்பலாமா?"

"சுத்தமான கைங்க. தைரியமாப் படுக்கலாம்."

"கை கிடக்கட்டும், ஆள் எப்படி? கடைத்தெருவுல தையல் கடை வச்சிருக்கேன். கட்டினா இந்த டாக்டரைத்தான் கட்டுவேன்னு என் பொண்ணு அடம் பிடிக்கிறா. அதான் விசாரிக்கிறேன்."

கட்டில் கிறீச்சிட்டது. பிடரியில் இருந்த ஊசிகள் எல்லாம் ஒரு தரம் ஆடி நின்றன.

"அதை... நான் சொன்னா நல்லா இருக்காதுங்க."

"அப்படிப் போடுங்க! ஏதோ இருக்கு!"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. ஏன், உங்களுக்கு அவரைப் பிடிக்கலையா?"

தையல்காரர் அறைவாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். முகம் தெரியாத ஆள், இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்று ஒரு தைரியம் வந்தது.

"பிடிக்காம என்ன? நானும் ஊசி பிடிக்கிறவன்தான். கைப்பக்குவத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிஞ்சுக்குவேன். குறை சொல்ல ஒண்ணும் சிக்கலையேன்னுதான் வயித்தெரிச்சல்." குரலைத் தாழ்த்தினார். "இவங்க ஊசிக்குக் காது கிடையாது, நிம்மதி. என் ஊசிக்குக் காது இருக்கு, அது என் கண்ணுக்குத் தெரியலை. கண்ணாடி மாத்தியும் பிரயோஜனம் இல்லை. தினம் காலையில என் பொண்ணுதான் எல்லா ஊசியிலயும் நூல் கோத்து வச்சிட்டு வேலைக்குப் போவா. அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா என் கடை என்னாகும்? நூல் கோக்கத் தெரியாத டெய்லர்கிட்ட எவன் துணி கொடுப்பான்? இதை வெளியில சொன்னா மானம் போயிடும். அதான், மாப்பிள்ளை சரியில்லைன்னு சொல்லிட்டுத் திரியறேன்."

அடுத்த கட்டிலில் பிடரி ஊசிகள் இன்னொரு தரம் ஆடின.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தையல்காரருக்கே உறைத்தது. ஒரு முழ நூலுக்காகப் பெற்ற மகளின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது. பாவம், அவள் சிரித்துப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று. கடை எப்படியாவது போகட்டும், அவள் சிரித்தால் போதும் என்று தோன்றியது.

டாக்டர் திரும்பி வந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "இப்ப எப்படி இருக்கு ஐயா?"

தையல்காரர் எழுந்து உட்கார்ந்து அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ளை! ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, நாள் குறிச்சிடலாம்!"

டாக்டர் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. "மாப்பிள்ளையா? என் வீட்டுக்காரி காதுல விழுந்தா இந்த ஊசி எல்லாம் என் மேலதான் ஐயா இறங்கும்! எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. நீங்க தேடி வந்தது என் பார்ட்னரா இருக்கும்."

"பார்ட்னரா? அவர் எங்கே?"

டாக்டர் அடுத்த கட்டிலைக் கைகாட்டினார். நெற்றியிலிருந்து தாடை வரை ஓட்டையின் வட்டம் பதிந்துபோன ஒரு முகம், பிடரி ஊசிகளோடு மெதுவாக நிமிர்ந்தது.

"தினம் காலையில கடை திறக்கிறப்போ நானே வந்து நூல் கோத்துக் கொடுத்துட்டுப் போறேன் மாமா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது!"