வாங்காத வாடிக்கைக்காரர்

“வந்துட்டான்யா. இன்னைக்கும் வாங்கப் போறதில்ல” என்று முணுமுணுத்துக்கொண்டார் குமரகுரு.

காஞ்சிபுரம் ரங்கசாமி குளத்தருகே நாய், பூனைகளுக்கான தீவனக் கடை அவருடையது. உள்ளே வந்தவர் ஆட்டோ ஓட்டும் பூவராகவன். இந்த மாதத்தில் இது ஆறாவது தடவை. ஒவ்வொரு பையாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், விலை கேட்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், போய்விடுவார்.

“சார், வயசான நாய்க்கு எது நல்லது?”

“போன வாரம் சொன்னதுதான். அந்தப் பச்சைப் பை. கிலோ எழுநூறு.”

“அவ்ளோ முடியாது சார். கொறஞ்ச விலையில, கொஞ்சம் சத்தா...”

“சத்து வேணும், விலை வேணாம்னா எப்படிப்பா?”

கடையில் காவேரி நின்றிருந்தாள். பட்டு சொசைட்டியில் பில் போடுகிறவள். வீட்டில் பக் நாய்க்குட்டி. தை மாதத்திலிருந்து தவறாத வாடிக்கை. அவள் காதில் விழட்டும் என்றே குமரகுரு குரலை உயர்த்தினார்.

“நாய் வளர்க்கிறது புள்ள வளர்க்கிற மாதிரி. கடைசி வரைக்கும் வச்சுப் பார்க்க வக்கு இருக்கறவன்தான் வளர்க்கணும்.”

பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார். காவேரிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“அண்ணே, பையில வர்றதுதான் போடணும்னு இல்ல. நானே பாதி நாள் சமைச்சுத்தான் போடறேன். கொஞ்சம் சோறு, வேகவச்ச முட்டை, கேரட், பூசணிக்கா. கறிக்கடையில கோழி ஈரல் மலிவா கிடைக்கும், அதையும் வேகவச்சு எப்பவாச்சும் போடலாம். உப்பும் வெங்காயமும் மட்டும் ஆகாது. கொறிக்கறதுக்கு பிஸ்கட்டே வேணாம், வெள்ளரிக்கா துண்டு போதும்.”

குமரகுரு லேசாக இருமினார். பிஸ்கட் டப்பா மேல்தான் அவர் கை இருந்தது.

“எல்லாம் குடுத்துப் பாத்துட்டேன்மா” என்றார் பூவராகவன். “ஒரு மாசமா சரியாத் திங்கறதில்ல. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துக்குது. மூணு நாளா வெறும் தண்ணிதான். இப்பகூட மாட்டாஸ்பத்திரியில காமிச்சுட்டுத்தான் வர்றேன். பெருசா நோவு ஒண்ணும் இல்ல, அதுக்குப் புடிச்சது எதுனா குடுத்துத் திங்க வை, இல்லேன்னா தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. அதுக்கு என்ன புடிக்கும்னுதான்...”

பாதியில் நிறுத்திவிட்டுக் குமரகுருவைப் பார்த்தார்.

“உன் நாய்க்கு என்ன புடிக்கும்னு என்னைக் கேட்டா?”

“நாய் எங்கண்ணே?” என்றாள் காவேரி.

“வாசல்ல, ஆட்டோலதாம்மா இருக்குது.”

“சார், ஒரு எட்டு வந்து பாருங்களேன். உங்களுக்குத் தெரியாததா?”

காவேரி சொல்லும்போது மறுக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார் குமரகுரு.

பின் சீட்டில் விரித்திருந்த துண்டின்மேல் படுத்திருந்தது ஒரு வெளுத்த லேப்ரடார். விலா எலும்பை எண்ணிவிடலாம். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. வால் சீட்டில் டப் டப்பென்று அடித்தது. முடியாத உடம்போடு எழுந்து, விழாத குறையாகச் சரிந்து வந்து, குமரகுருவின் கையை நக்க ஆரம்பித்தது.

குமரகுரு குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

ஜூலி!

ஏழு வருஷம் இந்தக் கடையிலேயே கிடந்தவள். அவள் போட்ட குட்டிகளை விற்றுத்தான் கடையே இந்த அளவுக்கு வளர்ந்தது. போன ஐப்பசியில் உடம்பெல்லாம் சொறி வந்து முடி கொட்டியது. கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள். ஒரு நாள் விடியற்காலையில், செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பியவர் அவர்தான். கேட்டவர்களிடம் செத்துப்போச்சு என்றார். பெண்டாட்டியிடமும் அதையேதான் சொன்னார். அப்புறம் பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அட, உங்களத் தெரியுது போல சார்!” என்றாள் காவேரி.

குமரகுரு வாயைத் திறந்தார்.

“கடை வாசனைம்மா” என்று முந்திக்கொண்டார் பூவராகவன். “நான்தான் அடிக்கடி இங்க வந்துக்கினு போறேனே. எம்மேல ஒட்டியிருந்த வாசனை இவருகிட்ட அடிக்குது, அதான்.”

காவேரி நம்பிவிட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

நாய் நக்குவதை நிறுத்தவே இல்லை. குமரகுரு மெல்ல அதன் முதுகைத் தடவினார். சொறி இருந்த இடமெல்லாம் ஆறி, புது முடி முளைத்திருந்தது.

“கேழ்வரகுக் களி...” என்றார் குமரகுரு. “தயிர் விட்டுப் பிசையணும். தட்டுல வச்சாத் தொடாது. சின்னச் சின்னதா உருட்டிக் கையில ஊட்டணும்.”

“அவ்ளோதானா சார்! எங்க வீட்ல தினம் கேவுருதான்!” பூவராகவனின் முகம் மலர்ந்தது. உடனே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“என் நாய்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?”

“இந்தக் கடையத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நின்னு வால ஆட்டும் சார்.”

“தெரிஞ்சும் ஏன்பா ஒரு வார்த்த கேக்கல?”

பூவராகவன் ஆட்டோவைக் கிளப்பினார்.

“அதுக்கு என்ன புடிக்கும்னு கேக்கத்தான் சார் ஆறு தடவ வந்தேன். வேற ஒண்ணும் உங்களக் கேக்க வரல.”